800 மீட்டர்: தலைக்குள்ளே ஓடும் ஓட்டம்



போன வருஷம் ஜோனல் மீட் முடிஞ்சு ஹாஸ்டலுக்குத் திரும்பின ராத்திரி ரூம்மேட் ஒரு கேள்வி கேட்டான். "மச்சி, அந்த ரெண்டு நிமிஷம் ஓடும்போது என்னதான்டா யோசிப்ப?"

"ஒண்ணும் யோசிக்க மாட்டேன், ஓடுவேன். அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அது பொய். 500 மீட்டர் வரைக்கும் மூணாவது இடத்தில் இருந்தவன், எட்டாவதா வந்து முடிச்சேன். நடுவில் ஒரு நினைப்பு வந்து என்னைக் கீழே தள்ளியது. அதை அவனிடம் சொல்ல வெட்கமா இருந்தது. இந்த ஒரு வருஷமா அந்தக் கேள்வியைத்தான் தோண்டிக்கிட்டு இருக்கேன். படிச்சதையும், கிரவுண்டில் பட்டுத் தெரிஞ்சதையும் இங்கே பாடமா எழுதுறேன். ஓடுறவங்களுக்கு நேரடியா உதவும். ஓடாதவங்களுக்கும் செமஸ்டர் எக்ஸாம் ஹாலில் மூணாவது மணி நேரத்தில் உதவலாம்.

ஏன் 800?

100 மீட்டரில் யோசிக்க நேரமே இல்லை. மாரத்தானில் நேரம் ஏராளம்; குடும்பக் கதை முழுக்க ஓட்டிப் பார்த்துடலாம். 800 மீட்டர் ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கிட்ட பந்தயம். யோசிக்கவும் வேணும், யோசிக்கற மூளைக்கும் மூச்சு வாங்கும்.

பயிற்சி எடுத்த ஓட்டக்காரர்களை அளந்து பார்த்த ஆய்வுகளின்படி, 800 மீட்டருக்குத் தேவைப்படும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆக்ஸிஜன் வழியா வருது. மிச்சம் ஒரு பங்கு கடன். ஆக்ஸிஜன் வந்து சேரும் முன்னாடியே தசை தன் கையிருப்பிலிருந்து எடுத்துச் செலவு பண்ணுது. 1500 மீட்டரில் ஆக்ஸிஜன் பங்கு ஐந்தில் நான்குக்கும் மேல போயிடும். அதனால 800 என்பது கடன் வாங்கி நடத்துற கல்யாணம் மாதிரி. எவ்வளவு வாங்குறோம் என்பதை விட, எப்போ வாங்குறோம் என்பது முக்கியம்.

அந்த முடிவை எடுக்கிறது தலைதான். 400 மீட்டர் டிராக்கில் ரெண்டு சுற்றை நாலு 200 மீட்டரா பிரிச்சுப் பார்ப்போம். ஒவ்வொண்ணிலும் தலைக்குள்ளே வேற வேற ஆள் பேசுவான்.

கோட்டில் நிற்கும்போது

800 மீட்டருக்கு "செட்" கிடையாது. "ஆன் யுவர் மார்க்ஸ்", அப்புறம் நேரா துப்பாக்கிச் சத்தம். எங்க ஊர் மீட்டில் விசில். இந்த இடைவெளியில் மனசு பக்கத்து லேன்காரனின் ஸ்பைக்ஸைப் பார்க்கும். "இவன் போன வருஷம் ஸ்டேட் போனவனாச்சே" என்று எடை போடும். வயிறு பிசையும், வாய் காயும்.

இது பயம் மட்டும் இல்லை. உடம்பு அட்ரினலினை விட்டு, இதயத் துடிப்பை ஏத்தி, ஓட்டத்துக்குத் தயாராகிற வேலை. எங்க பி.டி. சார் சொல்றது: "டேய், வயித்துல பட்டாம்பூச்சி பறந்தா வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னு அர்த்தம். ஆஃப் பண்ணப் பார்க்காத." இந்த நேரத்தில் வச்சுக்க வேண்டிய நினைப்பு ஒண்ணே ஒண்ணு: முதல் 200 மீட்டரை எத்தனை விநாடியில் ஓடணும் என்கிற எண். அடுத்தவன் யாரு, எந்த காலேஜ் என்பதெல்லாம் வேண்டாம்.

முதல் 200: "ஈஸியா இருக்கே!"

இங்கே பேசுறவன் பொய்யன். "இன்னைக்கு உடம்பு சூப்பரா இருக்கு, இழு!" என்பான். நம்பாதீங்க.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இது சட்டுனு புரியும். உள்ளீடு கொடுத்ததும் சென்சார் உடனே காட்டாம, கொஞ்சம் தாமதமா காட்டினா என்ன ஆகும்? நாம மேலும் மேலும் உள்ளீடு கொடுத்துக்கிட்டே போவோம், ஓவர்ஷூட் ஆகும். ஓட்டத்திலும் அதேதான். ஓட ஆரம்பிச்சதும் உடம்பு ஆக்ஸிஜன் எடுக்கும் அளவு உச்சத்துக்கு வர அரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை கையிருப்பில்தான் ஓட்டம். மூச்சு வாங்குறது, கால் எரியறது மாதிரி எச்சரிக்கை எல்லாம் லேட்டாத்தான் வரும். முதல் 200 மீட்டரில் ஈஸியா இருக்கிறது உங்க திறமைக்குச் சாட்சி இல்லை. பில் இன்னும் வரலை, அவ்வளவுதான்.

போன வருஷம் என் முதல் 200 மீட்டர் 27 விநாடி. ரூம்மேட் எடுத்த வீடியோவில் பார்த்துக் கணக்குப் போட்டேன். முதல் சுற்று 59. இரண்டாவது சுற்று 73. மொத்தம் 2 நிமிஷம் 12. ரெண்டு சுற்றுக்கும் 14 விநாடி வித்தியாசம்.

இதோட ஒப்பிட ஒரு பந்தயம். 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் கென்யாவின் டேவிட் ருடிஷா, வேகம் பிடிச்சுக் கொடுக்க ஆள் யாரும் இல்லாம தானே முன்னால் போய், 1:40.91 என்ற உலக சாதனையோடு ஜெயிச்சார். முதல் சுற்று 49.28. இரண்டாவது 51.63. உலகத்திலேயே வேகமா ஓடினவருக்கும் இரண்டாவது சுற்று மெதுவாத்தான் இருந்தது, ஆனா வித்தியாசம் ரெண்டு விநாடிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். என்னுடையது 14. அவர் கால் வேற, என் கால் வேற. ஆனா அந்த 14 காலில் இருந்து வந்தது இல்லை, முதல் 27 விநாடியில் நான் நம்பின அந்தப் பொய்யில் இருந்து வந்தது.

முதல் 200 மீட்டருக்கான சொல்: "அடக்கு."

இரண்டாவது 200: கணக்குப் போடும் நேரம்

நாலு பகுதியில் மூளை நல்லா வேலை செய்யிற இடம் இதுதான். இங்கே யோசிக்க வேண்டியது இடம், ஆள், தூரம்.

சர்வதேச விதிப்படி 800 மீட்டரில் முதல் வளைவு முடியும் வரை அவரவர் லேன். அப்புறம் எல்லாரும் உள்ளே வரலாம். நம்ம மீட்டுகளில் வளைகோட்டில் எல்லாரையும் சேர்த்து நிறுத்தி விடுறதும் உண்டு. எப்படி இருந்தாலும் உள்ளே வந்ததும் தள்ளுமுள்ளு. முழங்கை இடிக்கும், ஸ்பைக்ஸ் உரசும்.

அந்த நெரிசலுக்குப் பயந்து இரண்டாவது லேனிலேயே ஓடினா என்ன ஆகும்? லேன் அகலம் 1.22 மீட்டர். அரைவட்ட வளைவில் ஒரு லேன் தள்ளி ஓடினா கூடுதல் தூரம் 'பை' பெருக்கல் 1.22, அதாவது ஏறத்தாழ 3.8 மீட்டர். லேன் இல்லாத மூணு வளைவிலும் அப்படியே ஓடினா 11 மீட்டருக்கு மேல். 2:08 ஓடுற ஆளின் வேகம் விநாடிக்கு 6.25 மீட்டர். ஆக, கிட்டத்தட்ட 1.8 விநாடி தண்டம்! ஆறு மாசம் பயிற்சி எடுத்துக் குறைக்கிற நேரம் அது.

ஆனா ஒட்டி உள்ளேயே இருந்தா முன்னால் ஒருத்தன், பக்கத்தில் ஒருத்தன்னு அடைச்சிடுவாங்க. இதை 'பாக்ஸ் ஆகிறது' என்பாங்க. வெளியே வர வழி இருக்காது. அதனால அனுபவம் உள்ளவங்க முன்னால் ஓடுறவனுக்கு நேர் பின்னால் போகாம, அவனுடைய வலது தோளுக்குப் பின்னால் ஓடுவாங்க. அவன் காத்தைக் கிழிச்சுக் கொடுப்பான், நமக்கு வெளியே போகவும் இடம் இருக்கும். வளைவில் முந்தாதே, நேர்கோட்டில் முந்து என்கிறதும் அந்த 3.8 மீட்டர் கணக்குதான்.

முன்னால் ஓடுறது தப்பு என்று சொல்ல வரலை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதிப் போட்டி. நம்ம ராஜஸ்தான்காரர் ஸ்ரீராம் சிங் முதல் சுற்றை 50.85 விநாடியில், எல்லாருக்கும் முன்னால் முடிச்சார். ஒலிம்பிக் ஃபைனலில் மணி அடிக்கும்போது இந்தியர் முதலிடம்! கியூபாவின் அல்பெர்டோ ஜுவான்டொரேனா 1:43.50 என்ற உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். ஸ்ரீராம் சிங் ஏழாவது. ஆனா அவர் ஓடின 1:45.77 என்கிற நேரம் 2018 வரை, 42 வருஷம், இந்திய சாதனையா நின்னுச்சு. அந்த வருஷம்தான் ஜின்சன் ஜான்சன் 1:45.65 ஓடி அதை முறியடிச்சார். இடத்துக்காக ஓடுறதா, நேரத்துக்காக ஓடுறதா என்கிற முடிவை ஓடுறதுக்கு முன்னாடியே எடுத்துடணும். நடுவில் எடுத்தா ரெண்டும் போகும்.

இந்தப் பகுதிக்கான சொல்: "பார்."

மூன்றாவது 200: வக்கீல் வரும் இடம்

மணி அடிச்சாச்சு. கூட்டத்தில் கத்துறாங்க. இன்னும் ஒரு முழுச் சுற்று. 800 மீட்டரின் உண்மையான இடம் இதுதான். ஆரம்பத்தின் உற்சாகம் தீர்ந்து போச்சு, முடிவுக் கோடு இன்னும் கண்ணில் படலை.

இங்கே தலைக்குள்ளே ஒரு வக்கீல் எழுந்திருப்பார். ரொம்ப நல்ல வக்கீல். "நீ ஏற்கெனவே நல்லா ஓடிட்ட. நாளைக்கு ரிலே வேற இருக்கு. கொஞ்சம் மெதுவாப் போ, கடைசி 100 மீட்டரில் பிடிச்சுக்கலாம்" என்று வாதாடுவார். எல்லாமே நியாயமாத் தோணும்.

போன வருஷம் என் வக்கீல் சொன்னது: "தொடை பிடிச்சிடுச்சுன்னு சொல்லிடு." தொடை பிடிக்கலை. ஆனா 550 மீட்டரில் நான் அந்த வாதத்தை ஏத்துக்கிட்டேன். வேகத்தை விட்டேன். அஞ்சு பேர் தாண்டிப் போனாங்க. கோட்டைத் தாண்டினதும் லேசா நொண்டிக்கூடக் காட்டினேன். பி.டி. சார் ஐஸ் பாக்கெட் கொண்டு வந்து கொடுத்தார். ஒண்ணும் கேட்கலை. அந்த ஐஸைத் தொடையில் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த அரை மணி நேரம், எட்டாவது இடத்தை விட மோசமா இருந்தது.

இப்போ அறிவியலுக்கு வருவோம். கால் எரியறதுக்கு 'லாக்டிக் ஆசிட்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிடுவோம். விஷயம் அவ்வளவு எளிசு இல்லை. லாக்டேட்டை உடம்பு எரிபொருளாவும் பயன்படுத்துது. தசையில் அமிலத்தன்மை கூடுறது, பாஸ்பேட் சேர்றது எனப் பல மாற்றங்கள் சேர்ந்துதான் தசையின் இழுவையைக் குறைக்குது.

அது மட்டும்தானா? தென்னாப்பிரிக்க விஞ்ஞானி டிம் நோக்ஸ் வேற ஒரு கருத்தை முன்வச்சார்: உடம்பு உண்மையிலேயே சேதமாகும் முன்னாடியே மூளை பிரேக் போடுது, களைப்பு என்கிற உணர்வு அந்த பிரேக்தான். சாமுவேலே மார்கோரா என்ற ஆய்வாளர் இன்னொரு பக்கமிருந்து வர்றார். 'எவ்வளவு கஷ்டமா இருக்கு' என்று நாம உணர்றதும், 'இதுக்காக எவ்வளவு கஷ்டப்படத் தயார்' என்கிறதும் மோதுற இடத்தில்தான் ஆள் நிறுத்துறான் என்கிறார். இந்த விவாதம் இன்னும் முடியலை. ஆனா ஓடுறவனுக்கு ரெண்டிலிருந்தும் ஒரு பாடம் உண்டு: "முடியலை" என்று உள்ளே கேட்கிற குரல், டேங்க் காலி என்கிற அறிவிப்பு இல்லை. ரிசர்வ் வந்தாச்சு என்கிற அறிவிப்பு. வண்டி ஓட்டுறவங்களுக்குத் தெரியும், ரிசர்வில் பங்க் வரைக்கும் போயிடலாம்.

ஒரு எச்சரிக்கை. நெஞ்சு வலி, தலைச்சுற்றல், கண் இருட்டுறது, ஒரே இடத்தில் சுரீர்னு குத்துற வலி வந்தா அது வக்கீல் இல்லை, டாக்டர். உடனே நிறுத்துங்க. ரெண்டு தொடையும் சமமா எரியறது, மூச்சு வாங்குறது, வாயில் உலோக ருசி - இதெல்லாம் நடு தூர ஓட்டத்தில் வழக்கமா வர்றது. இந்த வித்தியாசத்தைப் பயிற்சியில்தான் கத்துக்க முடியும்.

வக்கீலோட வாதாடாதீங்க. மூச்சு வாங்கிக்கிட்டே வாதாடி ஜெயிக்க முடியாது. பதிலுக்கு ஒரு சின்ன வேலை கொடுங்க: முன்னால் ஓடுறவன் முதுகில் இருக்கிற நம்பரைப் பிடிச்சுக்கிட்டு அந்த வளைவு முடியும் வரை விடாதீங்க. மிச்சம் 300 மீட்டரை யோசிக்கவே வேண்டாம். சொல்: "ஒட்டு."

கடைசி 200: சொற்கள் தீரும் இடம்

இங்கே வாக்கியமா யோசிக்க முடியாது. "கை... கை... கை..." அவ்வளவுதான் வரும். அதுவும் சரிதான். கால் சொன்னபடி கேட்காத நேரத்தில் கை கேட்கும். கையை நல்லா வீசினா கால் பின்னாடியே வரும். தோள் காதுக்கு ஏறாம, பல்லைக் கடிக்காம, தாடையைத் தளர்த்தி வச்சாலே போதும்.

இந்த இடத்துக்குத் தெம்பு தர்ற ஒரு உண்மை: கடைசியில் பறந்து வந்து முந்துற மாதிரித் தெரியறவர் பெரும்பாலும் வேகத்தைக் கூட்டுறது இல்லை. மத்தவங்களை விடக் கம்மியா மெதுவாகுறார். 1972 மியூனிக் ஒலிம்பிக் 800 மீட்டர் இதுக்கு நல்ல உதாரணம். அமெரிக்காவின் டேவ் வாட்டில், தலையில் கோல்ஃப் தொப்பியோட, ஆரம்பத்தில் எல்லாருக்கும் பின்னால் தனியா ஓடிக்கிட்டு இருந்தார். கடைசி நேர்கோட்டில் ஒவ்வொருத்தரா தாண்டி, சோவியத்தின் அர்ஷானோவை 0.03 விநாடியில் பின்தள்ளித் தங்கம் வாங்கினார். பார்க்க ராக்கெட் மாதிரி இருக்கும். ஆனா அவருடைய நாலு 200 மீட்டரும் ஏறத்தாழ 26.4, 26.9, 26.4, 26.2. அவர் வேகம் மாறவே இல்லை, மத்தவங்க வேகம்தான் இறங்கிச்சு. வீடியோ தேடிப் பாருங்க, எத்தனை தடவை பார்த்தாலும் நம்ப முடியாது.

1500 ஓடுறவங்களுக்கு ஒரு வார்த்தை

1500 மூணே முக்கால் சுற்று. வக்கீல் வர்ற இடம் மூணாவது சுற்று. மத்தபடி இது சீட்டாட்டம் மாதிரி. 2016 ரியோவில் யாருமே வேகமா இழுக்கத் துணியாம மெதுவா ஓடி, கடைசிச் சுற்றில் மட்டும் 51 விநாடிக்குள் பறந்து, மேத்யூ சென்ட்ரோவிட்ஸ் 3:50.00 நேரத்தில் தங்கம் வாங்கினார். 2024 பாரிஸில் நேர் எதிர். ஜேக்கப் இங்கபிரிக்ட்சன் ஆரம்பத்திலேயே வேகமா இழுத்துக்கிட்டுப் போனார். கடைசி நேர்கோட்டில் கோல் ஹாக்கர் உள்பக்கமா முந்தி 3:27.65 என்ற ஒலிம்பிக் சாதனையோட ஜெயிச்சார். முன்னால் இழுத்தவர் நாலாவது. ஒரே பந்தயம், 22 விநாடி வித்தியாசம். எந்த ஆட்டம் நடக்குதுன்னு முதல் சுற்றிலேயே கண்டுபிடிக்கிறதுதான் 1500 ஓடுறவரின் முதல் யோசனை.

யோசனைக்கும் பயிற்சி உண்டு

1977ல் வில்லியம் மார்கன், மைக்கேல் பொல்லாக் என்ற ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மாரத்தான் வீரர்களைக் கேட்டுப் பார்த்தாங்க. சாதாரண ஓட்டக்காரர்கள் வலியை மறக்க மனசை வேற எங்கேயோ கொண்டு போனாங்க. உச்சத்தில் இருந்தவங்க தன் மூச்சையும் காலையும் வேகத்தையும் கவனிச்சுக்கிட்டே ஓடினாங்க. 800 மீட்டரில் மனசை வெளியே அனுப்ப நேரமும் இல்லை. ஆக, உள்ளே கவனிக்கப் பழகணும். நான் பண்ணினது மூணு விஷயம்.

1. வாட்ச் பார்க்காம 200 மீட்டர் ஓடி, எத்தனை விநாடின்னு முதலில் ஊகிக்கணும். அப்புறம் ஸ்டாப்வாட்ச் பார்க்கணும். ஆரம்பத்தில் என் ஊகம் மூணு விநாடி வரை தப்பாச்சு. ரெண்டு மாசத்தில் ஒரு விநாடிக்குள் வந்தது.

2. வாரத்துக்கு ஒரு தடவை 600 மீட்டர். முதல் 400 பந்தய வேகத்தில், மூணாவது 200 மீட்டரில் அதே வேகத்தை விடாம. வக்கீலைச் சந்திக்கிற பயிற்சி இது. நல்லா வார்ம்-அப் பண்ணிட்டுத்தான்.

3. ஓடி முடிச்சதும் நோட்டில் ஒரே ஒரு வரி: இன்னைக்கு வக்கீல் என்ன சொன்னார்? பத்து நாள் எழுதினா தெரியும், அவரிடம் மொத்தம் நாலஞ்சு வாதம்தான் இருக்கு. திரும்பத் திரும்ப அதையேதான் சொல்றார்.

இந்த வருஷம்

இந்த வருஷ ஜோனலில் முதல் 200 மீட்டர் 31 விநாடி. கிட்டத்தட்ட கடைசியில் ஓடிக்கிட்டு இருந்தேன். கூட்டத்தில் நம்ம பசங்க, "டேய், தூங்குறியாடா!" என்று கத்தினது கேட்டுச்சு. 400 மீட்டர் 63ல். 600 மீட்டரில் 1:36. போன வருஷம் அதே இடத்தில் 1:35! அதாவது 600 மீட்டர் வரை போன வருஷத்தை விட ஒரு விநாடி பின்னால் இருந்தேன். முடிச்சது 2:08, நாலு விநாடி முன்னால்.

வக்கீல் வந்தார். அதே தொடை. முன்னால் ஓடினவன் முதுகு நம்பர் 214. வளைவு முடியும் வரை அந்த நம்பரை மட்டும்தான் பார்த்தேன்.

நாலாவது இடம். மெடல் இல்லை. ஆனா பஸ்ஸில் திரும்பி வரும்போது பி.டி. சார் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சார், போன வருஷம் தொடை பிடிக்கலை சார்" என்றேன்.

"தெரியும்டா" என்றார். "வலது தொடையில ஐஸ் வச்சுக்கிட்டு இடது கால நொண்டுன."

ராத்திரி ரூம்மேட்டிடம் அவன் கேள்விக்குப் பதில் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆச்சு. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

ஸ்போர்ட்ஸ் டேக்கு 800 மீட்டரில் பேர் கொடுக்க வழக்கமா ஆள் கிடைக்காது. இந்த வருஷம் கொடுத்துப் பாருங்க. சாயங்காலம் அஞ்சரைக்கு கிரவுண்டில் இருப்போம். ஸ்டாப்வாட்ச் நான் கொண்டு வரேன், நோட்டு நீங்க கொண்டு வாங்க.